2 மணி நேர வீடியோவில் 19 நிமிட ஆயா: சாட்ஸ்வொர்த் வீடொன்றின் நினைவுப் பதிவு

2019-இல் ஆயாவுக்கு 80 வயது நிறைந்த விருந்தில் பேரன் தன் கைபேசியில் எடுத்த வீடியோ 2 மணி 10 நிமிடம் ஓடுகிறது. அதில் ஆயா பேசுவது 19 நிமிடம். அந்த 19 நிமிடத்திலும் காதில் தெளிவாக விழுவது 7 நிமிடம்தான். "ஆயாவோட கதையை ரெக்கார்டு பண்ணியாச்சு" என்று நான்கு வருடம் குடும்பம் நிம்மதியாக இருந்தது. 2023-இல் கொள்ளுப்பேத்தியின் பள்ளி வேலைக்காக அதைத் திறந்து பார்த்தபோதுதான் கையில் ஒன்றும் இல்லை என்பது தெரிந்தது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், சாட்ஸ்வொர்த் போன்ற டர்பன் பக்கத்து இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயங்களை ஒரே வீட்டில் வைத்து இங்கே சொல்லியிருக்கிறது. யாரையும் அடையாளம் காட்டும் விவரம் இதில் இல்லை. நேட்டால் வரலாறு, சட்டம், கருவிகள் பற்றிச் சொல்பவை உள்ளபடியே.

முதல் முயற்சி எங்கே கெட்டது

கைபேசி கண்ணாடி அலமாரியின் மேல், ஆயாவிடமிருந்து சுமார் 3 மீட்டர் தள்ளி இருந்தது. தூரம் இரண்டு மடங்கானால் மைக்கைச் சேரும் நேரடி ஒலியின் வலிமை கால் பங்காகிவிடும். அறை எதிரொலியோ அவ்வளவாகக் குறைவதில்லை. டைல்ஸ் தரையும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள அறையில் 3 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் பதிவாவது ஆள் குரலைவிட அறையின் குரல்தான். போதாக்குறைக்கு மூல வீடியோ இருந்த கைபேசி தொலைந்துபோனது. மிஞ்சியது வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி. அது அளவைச் சுருக்கி அனுப்பும், ஒலியையும் சேர்த்தே சுருக்கும். போனது போனதுதான், எந்த மென்பொருளாலும் திருப்ப முடியாது.

இவை கருவியின் குறைகள், எளிதில் சரிசெய்யலாம். பெரிய கோளாறு பேச்சுக்குள் இருந்தது. "ஆயா, உங்க லைஃப் ஸ்டோரி சொல்லுங்க" என்று பேரன் கேட்டான். "என்னத்த சொல்றது ராசா, கஷ்டப்பட்டோம், புள்ளைங்கள வளத்தோம், சாமி பாத்துக்கிச்சு" என்று ஆயா முடித்துவிட்டார். பரந்த கேள்விக்குப் பரந்த பதில்தான் வரும்.

தெளிவாகக் கேட்கும் 7 நிமிடத்தில் "அவங்க" என்ற சொல் 31 தடவை வருகிறது. நம் ஆயாக்கள் கணவர் பெயரைச் சொல்வதில்லை. "அவங்க", "உங்க தாத்தா", "மாமா" என்பார்கள். மாமனைக் கட்டியவராக இருந்தால் "மாமா" என்பது கணவரா, இன்னொரு தாய்மாமனா என்பது கேட்பவருக்குப் பிடிபடாது. இந்த 31 "அவங்க"வில் சில கணவர், சில மாமனார். "அவங்கதான் கரும்புத் தோட்டத்த விட்டு கார்ப்பரேஷனுக்கு வந்தாங்க" என்ற வரி யாரைப் பற்றியது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். நான்கு வருடத்துக்கு முன்பு அன்றிரவே ஆயாவிடம் கேட்டிருந்தால் 10 விநாடியில் தீர்ந்திருக்கும்.

ஆகவே இரண்டாம் முயற்சியின் அடிப்படை இது: பதிவு செய்வதில் ஒரு பங்கு வேலை என்றால், பதிவில் யார், எங்கே, எப்போது என்று ஆள் இருக்கும்போதே குறித்துவைப்பதில் மூன்று பங்கு வேலை. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

யார் கேட்பது

பேரனுக்கு ஆங்கிலம்தான். "சாப்பாடு", "தண்ணி", "வா", "போ"வுக்கு மேல் தமிழ் ஓடாது. மகளுக்குப் பாதி புரியும், திருப்பிப் பேச வராது. ஆயாவுக்கு இரண்டும் வரும். ஆனால் பத்து வயதுக்கு முந்திய நினைவுகள் தமிழில்தான் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் கேட்டால் சுருக்கிச் சொல்வார், தமிழில் கேட்டால் ஆள் பேசியதை அப்படியே பேசிக் காட்டுவார். இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். "வாட் டிட் யுவர் மதர் குக்?" என்றதற்கு "போரிட்ஜ், தால்" என்று இரண்டு சொல். அதையே கோயில் தமிழ் வகுப்பு எடுக்கும் அக்கா "காலையில உங்க அம்மா என்ன பண்ணுவாங்க ஆயா?" என்று கேட்டார், 11 நிமிடம் போனது.

அக்கா கேட்பது, பேரன் கருவியைக் கவனிப்பது, மகள் பக்கத்தில் இருப்பது என்று பிரித்துக்கொண்டார்கள். அக்காவுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: ஆயாவின் தமிழைத் திருத்தக் கூடாது. நேட்டால் தமிழில் வட ஆற்காட்டு வாடை உண்டு, தெலுங்கு கலக்கும், ஆங்கிலமும் ஜூலுவும் உள்ளே வரும். "அதுக்கு நல்ல தமிழ்ல வேற சொல்லு இருக்கு ஆயா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அதன் பிறகு மேடைப் பேச்சுதான் வரும். தமிழ் தெரிந்தவர்களே இந்தத் தவறை அதிகம் செய்கிறார்கள்.

அறையும் மைக்கும்

காலை 9:30-க்குத் தொடக்கம். மாத்திரை, காலைச் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் களைப்பு வரும், அப்போது பெயர்கள் முதலில் நழுவும். ஒரு அமர்வு 45 நிமிடம், போனால் 55. வாரத்துக்கு இரண்டு என மூன்று வாரத்தில் 6 அமர்வு.

டர்பனில் விடியலிலும் பொழுது சாயும்போதும் ஹடீடா பறவைகள் கூரைக்கு மேல் கத்திக்கொண்டு போகும். அந்த நேரத்தைத் தவிர்ப்பதற்கும் 9:30 உதவுகிறது. கூடத்தை விட்டுப் படுக்கையறையைத் தேர்ந்தார்கள். மெத்தை, திரை, துணி அலமாரி எல்லாம் எதிரொலியைக் குடித்துவிடும். அடுத்த அறைக் குளிர்பெட்டியின் இரைச்சல் மனிதக் காதுக்குப் பழகிப்போன ஒலி, மைக்குக்கு அப்படி இல்லை. அதை நிறுத்தி, கார் சாவியைக் குளிர்பெட்டிக்குள் வைத்தார்கள். கிளம்பும்போது சாவியைத் தேடினால் பெட்டியைத் திரும்ப ஓடவிடும் ஞாபகம் வரும்.

2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. அட்டவணையைப் பார்த்துத்தான் அமர்வு நேரம் வைத்தார்கள். மின்சாரம் போவதால் பதிவுக்கு நேரடியாக ஒன்றும் ஆகாது, கைபேசி மின்கலத்தில் ஓடும். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதுதான் கெடுதல். இரண்டாம் அமர்வின் கடைசி 12 நிமிடம் அப்படிப் போனது, அந்தப் பகுதியை மறுபடி எடுத்தார்கள். மறுபடி சொல்லும்போது சுவை குறையும், அதைத் தவிர்க்க முடியாது.

கருவி: சாதாரணக் கைபேசி, விமானப் பயன்முறையில். கம்பி வைத்த சட்டை மைக் ஒன்று, முகவாய்க்கு 15 முதல் 20 செ.மீ. கீழே. சேலை கட்டியவருக்கு இதைப் பொருத்துவதில் ஒரு நுணுக்கம் உண்டு. முந்தானை மேல் குத்தினால் ஒவ்வொரு அசைவிலும் சரசரக்கும், நடு மார்பில் குத்தினால் தாலிச் சங்கிலி இடிக்கும். ரவிக்கையின் தோள்பட்டை ஓரத்தில், முந்தானை படாத பக்கம் குத்தி, கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டுநாடாவால் பிடித்தபோது சரியானது. வளையலைக் கழற்றச் சொல்லவில்லை. மடியில் ஒரு துண்டை மடித்து வைத்தார்கள், கை அதில் விழுந்தால் சத்தம் வராது.

சுருக்காத வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம். மணிக்குச் சுமார் 520 மெகாபைட். மொத்தம் 5 மணி நேரத்துக்கு 2.6 கிகாபைட்தான், கஞ்சத்தனம் பண்ண ஒன்றுமில்லை. உரத்த பேச்சிலும் அளவுகோல் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தார்கள். "இரைச்சல் நீக்கம்" என்று செயலியில் இருப்பதை அணைத்துவிட வேண்டும். அது தாலாட்டையும் ஒப்பாரியையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஜூமில் கேட்பவர்களுக்கும் இதுதான் சேதி: மூல ஒலி அமைப்பை இயக்காவிட்டால் ஆயா பாடத் தொடங்கியதும் குரல் காணாமல் போகும்.

கேள்வி: பொருளும் இடமும்

ஆயா பிறந்தது மெகசின் பாரக்ஸில். டர்பன் மாநகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களைக் குடிவைத்திருந்த இடம் அது. 1960-களில் அங்கிருந்தவர்கள் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டார்கள், குடியிருப்பு இடிக்கப்பட்டது. நேரில் போய்க் காட்ட அந்த இடம் இப்போது இல்லை. ஆகவே முதல் அமர்விலேயே ஏ3 தாள் ஒன்றைப் பலகையில் வைத்து வரையச் சொன்னார்கள். ஆயா வரையமாட்டேன் என்றார். அக்கா வரைந்தார், ஆயா விரலால் காட்டினார். "உங்க அடுப்பு எங்க இருந்தது?", "குழாய்க்குப் போக எந்தப் பக்கமா போவீங்க?", "பக்கத்து வீட்டுல யாரு?" என்று கேட்கக் கேட்க வரிசை வரிசையாக வீடுகள் வந்தன. ஒரே அமர்வில் 23 குடும்பங்கள். குழாயடிச் சண்டைகள் அதற்குத் துணை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விரல் காட்டும் இடத்தில் ஆயா "இங்க" என்பார். ஒலிப்பதிவில் "இங்க" என்பதற்குப் பொருளே கிடையாது. கேட்பவர் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "குழாய்க்கு இடப்பக்கம், மூணாவது வீடு, சரியா ஆயா?" அதேபோல் "இவ்ளோ பெரிய அண்டா" என்று கை விரித்தால், "ரெண்டு முழம் இருக்குமா?" என்று கேட்க வேண்டும். முதல் அமர்வில் ஐந்து "இங்க" தப்பின. பேரன் தாளின் மேல் எண்களை எழுதி, அடுத்த அமர்விலிருந்து எண்ணைச் சொல்ல வைத்தான்.

ஆண்டு கேட்பதில் பயனில்லை. "எந்த வருஷம்?" என்றால் ஆயா ஒரு வருடத்தைச் சொல்வார், ஆனால் அது ஊகம். பதிலாக எல்லாருக்கும் தெரிந்த சம்பவத்துக்கு முன்னா பின்னா என்று கேட்டார்கள். நேட்டாலில் இதற்குப் பயன்படும் கல்வெட்டுகள்: 1949 ஜனவரிக் கலவரம். பவுன் போய் ராண்ட் வந்தது, 1961 பிப்ரவரி 14. டிவி வந்தது, 1976 ஜனவரி. அதே ஆண்டு மார்ச்சில் உம்கேனி ஆறு புரண்டு டின் டவுன் குடியிருப்பை அடித்துக்கொண்டு போனது. 1987 செப்டம்பர் வெள்ளம். 1994 ஏப்ரல் 27 வாக்களிப்பு. "மூத்தவன் பொறந்தப்போ சம்பளம் பவுன்லயா ராண்ட்லயா?" என்றதற்கு ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் பதில் வந்தது: "பவுனுதான். ராண்ட் வந்தப்போ அவன் தவழ்ந்துட்டிருந்தான்." 1960 என்று குறிக்க இது போதும். குடும்பத்தில் அதுவரை 1962 என்று நினைத்திருந்தார்கள்.

மூன்றாம் அமர்வு அடுக்களையில். ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றும் புளிச்ச கூழ் பற்றி. சமையல் குறிப்பைச் சொல்லச் சொன்னால் "மாவு கொஞ்சம், தண்ணி அளவா" என்பார். ஆகவே செய்யச் சொன்னார்கள், கைபேசியை மேலிருந்து அடுப்பைப் பார்க்கும்படி கட்டிவிட்டு. ஆயாவின் அளவுகோல் விளிம்பு உடைந்த ஒரு பற்சிப்பிக் குவளை. பாரக்ஸிலிருந்து கூடவே வந்தது, கைப்பிடிக்குப் பக்கத்தில் நீலப் பூச்சு உதிர்ந்து கறுப்புத் தெரியும். அதில் தண்ணீர் ஊற்றி அளந்தால் விளிம்புவரை 400 மி.லி., ஆயா "ஒரு மக்கு" என்று ஊற்றுவது விளிம்புக்கு ஒரு விரல் கீழே, 330. மக்காச்சோள மாவைக் கைப்பிடியால் போட்டார். ஒவ்வொரு பிடியையும் தராசுத் தட்டில் விழவைத்து எடுத்தார்கள்: 38, 44, 41 கிராம். கூழ் பக்குவம் பற்றி ஆயா சொன்னது அளவில் அடங்கவில்லை. "மொந்து ஊத்தினா சத்தம் மாறும், கேளு" என்றார். அந்தச் சத்தம் பதிவில் இருக்கிறது, 31-ஆவது நிமிடம்.

நான்காம் அமர்வுக்கு ஆயாவின் தம்பியையும் கூப்பிட்டார்கள். இரண்டு பெரியவர்கள் சேர்ந்தால் ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார். ஆனால் தம்பி குரல் பெரிது, ஆயா அடங்கிவிடுவார். தனித்தனி மைக், தனித்தனித் தடம் வைத்தும் அந்தக் குறை தீரவில்லை. முதல் 20 நிமிடம் தம்பிதான் பேசினார். பிறகு சீட்டுக்கட்டை எடுத்து, "துணி" என்ற சீட்டாட்டம் விளையாட உட்கார்ந்தார்கள். 24 சீட்டு, நான்கு பேர், ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று டர்பன் வீடுகளில் ஆடும் ஆட்டம். "தண்ணி" என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். ஆட்டத்தில் ஆயாதான் கெட்டிக்காரர். தம்பி தோற்கத் தோற்க ஆயாவின் குரல் ஏறியது. அந்த அமர்வின் நல்ல பகுதி முழுவதும் அதற்குப் பிறகுதான்.

குறிப்பேடு

வேலையின் உயிர் இதில் இருக்கிறது. அமர்வு முடிந்த அன்றிரவே பேரனும் அக்காவும் பதிவை ஓடவிட்டு, நேரம் போட்டு எழுதினார்கள். 50 நிமிடப் பதிவுக்குச் சுமார் இரண்டே கால் மணி நேரம் பிடித்தது. இரண்டாம் அமர்வின் குறிப்பிலிருந்து சில வரிகள்:

00:00 – குழாயடி, காலை வரிசை. வாளிக்கு எண் உண்டு.
04:10 – அப்பா வேலைக்குக் கிளம்புவது. மணி அடிப்பது யார் என்று தெரியவில்லை. கேட்க வேண்டும்.
07:35 – "பெரியவர்" என்பது தாத்தா அல்ல, மூத்த பெரியப்பா. ஆயாவிடம் மறுநாள் உறுதி செய்தது.
12:20 – "அவங்க" = மாமனார். இந்த இடத்திலிருந்து 15:05 வரை எல்லா "அவங்க"வும் மாமனார்.
15:05 – "அவங்க" = கணவர்.
21:40 – "லைன்" என்பது தெருவல்ல, ஒரே கூரைக்கடியில் வரிசை வீடு.
26:15 – அழுகிறார். 40 விநாடி. வெட்ட வேண்டாம் என்று ஆயாவே சொன்னார்.

"கேட்க வேண்டும்" என்று விழுந்தவற்றை அடுத்த அமர்வின் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்டார்கள். 6 அமர்வில் மொத்தம் 64 கேள்விகள் இப்படி விழுந்தன, 51-க்குப் பதில் கிடைத்தது. இந்த 51-ஐ ஆயா இல்லாத காலத்தில் யாராலும் நிரப்ப முடியாது.

முழு எழுத்துவடிவம் வேறு வேலை. கலப்புப் பேச்சை ஒரு மணி நேரத்துக்கு எழுத 8 மணி நேரம் பிடிக்கிறது. தானாக எழுதித்தரும் செயலிகளை முயன்றார்கள். தமிழும் டர்பன் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் மாறி மாறி வந்ததும் அவை தடுமாறின. இசிபிங்கோ, உம்சிண்டோ, மவுண்ட் எட்ஜ்கம் என்ற ஊர்ப் பெயர்கள் எல்லாம் கண்டபடி உருமாறின. செயலியின் வரைவைத் திருத்துவதற்கு ஆன நேரம் புதிதாக எழுதும் நேரத்தைவிட அதிகம். ஆகவே மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முழுதாக எழுதினார்கள், மீதிக்குக் குறிப்பேடு. நிறைய குடும்பங்கள் முழு எழுத்துவடிவத்தில் தொடங்கி, இரண்டாம் மணி நேரத்தில் சோர்ந்து, குறிப்பேடும் இல்லாமல் விட்டுவிடுகின்றன. வரிசையை மாற்றினால் போதும்.

ட்ரூரோ கப்பல்

"எங்க தாத்தா ட்ரூரோவுல வந்தாரு" என்றார் ஆயா. நேட்டாலில் இதைச் சொல்லாத குடும்பம் குறைவு. ட்ரூரோ சென்னையிலிருந்து 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்த முதல் கப்பல். 1911 வரை 384 பயணங்களில் 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தார்கள். எல்லாருடைய தாத்தாவும் முதல் கப்பலில் ஏறியிருக்க முடியாது. "கப்பல்" என்பதற்கே "ட்ரூரோ" என்று பெயராகிவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் கணக்குப் பார்த்தார்கள். தாத்தா 1949 கலவர ஆண்டில் இறந்தார், ஆயாவுக்கு அப்போது பத்து வயது. 1860-இல் 20 வயதில் வந்திருந்தால் இறக்கும்போது 109. இதைவிட நல்ல துப்பு ஐந்தாம் அமர்வில் ஆயாவே கொடுத்தது: "மூணு பவுன் கட்ட முடியாம தாத்தா மறுபடியும் கிர்மிட்டு எழுதினாரு." கிர்மிட்டு என்பது வேலை ஒப்பந்தம். அந்த 3 பவுன் வரி 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதற்குப் பிறகு வந்து, ஐந்தாண்டு ஒப்பந்தம் முடித்து, ஊர் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தம் எழுதாமலும் இருப்பவர்கள் தலைக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டியது. 1914-இல் எடுக்கப்பட்டது. 1860-இல் வந்தவரை அது தொடாது. ஆக, ஆயாவின் ஒரு நினைவே இன்னொரு நினைவைத் திருத்துகிறது. 1866-க்கும் 1874-க்கும் இடையில் ஒப்பந்தக் கப்பலே வரவில்லை என்பதும் இப்படிச் சரிபார்க்க உதவும்.

அதன் பிறகுதான் கப்பல் பட்டியல். ஒவ்வொரு ஒப்பந்தக்காரருக்கும் காலனி எண் ஒன்று உண்டு. அதோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் எல்லாம் பதிவாகியிருக்கும். எண் இல்லாமல் பெயரை மட்டும் தேடினால் முனுசாமிகளிடையே மூழ்க வேண்டியதுதான். எண் பழைய சான்றிதழ்களில் ஒளிந்திருக்கும். இந்த வீட்டில் அது பெரியப்பாவின் பிறப்புச் சான்றில் தந்தை பெயருக்கு அருகில் இருந்தது, ஐந்து இலக்கம். 1,52,184-க்கு மேல் ஓர் எண் வந்தால் அது காலனி எண் அல்ல என்று உடனே தள்ளிவிடலாம். ஒப்பந்தக்காரர் பாதுகாவலர் அலுவலக ஆவணங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டர்பன் வெஸ்ட்வில்லில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்திலும் பட்டியலைத் தேடலாம்.

பெயர் பொருந்தாததைக் கண்டு பயப்பட வேண்டாம். பட்டியலில் உள்ள பெயரோடு பெரும்பாலும் குலப்பட்டம் இருக்காது. நாயுடு, கவுண்டர், பிள்ளை, முதலியார் எல்லாம் குடும்பப் பெயராகப் பின்னால் ஒட்டிக்கொண்டவை. சில வீடுகளில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகி நின்றுவிட்டது. கோயிலில் தாலி கட்டிய கல்யாணத்தை அரசு பதிவு இல்லாமல் ஏற்கவில்லை என்பதால், பிள்ளைகள் தாயின் பெயரில் பதிவாகியிருப்பதும் உண்டு. அண்ணன் தம்பிக்கு இரண்டு குடும்பப் பெயர் இருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டியல்படி தாத்தா வந்தது 1896, வயது 22, ஜில்லா வட ஆற்காடு. ஊர்ப் பெயரை எழுத்தர் ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார், யாருக்கும் படிக்க வரவில்லை. பேரன் அதை ஆறு விதமாக உச்சரித்து ஆயாவிடம் வாசித்தான். நான்காவதிலேயே ஆயா நிறுத்தினார். "பணப்பாக்கம். தாத்தா பணப்பாக்கம் சந்தைன்னு சொல்லுவாரு, நான் இங்க இருக்கிற ஏதோ சந்தைன்னு நெனச்சேன்."

ட்ரூரோ பேச்சைப் பதிவிலிருந்து எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. குறிப்பேட்டில் அந்த நேரத்துக்கு எதிரே இரண்டு வரி: "குடும்ப வழக்கு: ட்ரூரோ. பட்டியல்: 1896." இரண்டும் இருக்கட்டும். ஒரு குடும்பம் தன்னைப் பற்றி எதை நம்பியது என்பதும் வரலாற்றில் சேர்த்திதான்.

படங்கள்

412 படங்கள். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) டிஃப் கோப்பாக வருடினார்கள் (ஸ்கேன்), கடவுச்சீட்டு அளவுச் சின்னப் படங்களை 1200-இல். பின்பக்கம் எழுத்துள்ள 137-ஐப் பின்பக்கமும் வருடினார்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படம் ஒன்று 26 மெகாபைட் ஆகிறது, மொத்தம் சுமார் 14 கிகாபைட். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல், பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்து எடுக்க வேண்டும். அதற்கும் வராதவற்றைப் பக்கத்தோடு படமெடுத்துவிடலாம். டர்பன் ஈரக்காற்றில் பூஞ்சை பூத்த படத்தை ஈரத்துணியால் துடைத்தால் உருவமே வந்துவிடும். நிழலில் காயவைத்து, முகக்கவசம் போட்டு, வெளியில் வைத்து மென்தூரிகையால் தட்ட வேண்டும். பின்னால் பெயர் எழுத மென்பென்சில் மட்டும். பந்துமுனைப் பேனா மறுபக்கம் தடம் பதிக்கும்.

ஆயாவிடம் படங்களைக் காட்டும்போதும் பதிவு ஓடியது. கோப்பு எண்ணை அக்கா வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த படத்துக்குப் போனார்.

நிறுத்தச் சொன்ன இடம்

ஐந்தாம் அமர்வில் அப்பாவின் வேலையைப் பற்றிக் கேட்டபோது ஆயா, "அத நிறுத்து" என்றார். பேரன் உடனே நிறுத்தி, திரையை ஆயாவிடம் காட்டினான். சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டே "நிறுத்திட்டேன்" என்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் ஒரு நாள் தெரிந்துவிடும், அத்தோடு எல்லாம் முடிந்தது. பத்து நாள் கழித்து ஆயாவே ஒரு நிபந்தனையோடு கூப்பிட்டார்: சொல்கிறேன், நான் போன பிறகு கேளுங்கள். மாநகராட்சியில் அப்பா சுமந்த வேலையைப் பற்றி 17 நிமிடம். பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் 84 வயதிலும் போகவில்லை.

ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் மூன்றில் ஒரு அடையாளம்: யாரும் கேட்கலாம், குடும்பம் மட்டும், பூட்டியது. ஆயாவின் சம்மதம் அவர் குரலிலேயே, தமிழில், ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் போபியா என்று சொல்லும் 2013-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முற்றிலும் வீட்டளவில் வைத்துக்கொள்வதைத் தொடாது. காப்பகத்துக்கோ இணையத்துக்கோ கொடுக்கும்போது, ஆயா பெயர் சொல்லிப் பேசிய உயிரோடிருக்கும் மற்றவர்களின் விஷயமும் வந்து சேரும். குழாயடிச் சண்டைகளில் வரும் நால்வர் இன்னும் சாட்ஸ்வொர்த்தில்தான் இருக்கிறார்கள். அந்தப் பகுதிகள் "குடும்பம் மட்டும்".

இப்போதைய நிலை

மூன்று பிரதிகள். மகள் வீட்டில் வன்தட்டு ஒன்று, மேகச் சேமிப்பில் ஒன்று, ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மாமா வீட்டில் ஒன்று. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் எத்தனை வீடுகளின் ஆல்பங்கள் போயின என்று பார்த்தவர்களுக்கு மூன்றாம் பிரதி ஏன் வேறு ஊரில் என்று விளக்கத் தேவையில்லை. விரல் நீள யூஎஸ்பிக் குச்சியைக் காப்புப் பிரதியாகக் கணக்கில் எடுக்கவில்லை. அது கொண்டுபோகத்தான், வைத்திருக்க அல்ல. ஆண்டுதோறும் தைப்பொங்கலன்று வன்தட்டைத் திறந்து, எல்லாக் கோப்புகளின் ஹாஷ் எண்களையும் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் சோதனை எண்) பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, மூன்று கோப்பையாவது கேட்டுப் பார்ப்பது என்று வைத்திருக்கிறார்கள். குறிப்பேட்டை மட்டும் தாளிலும் அச்சிட்டு, வரைபடத்தோடு ஒரே உறையில் வைத்தார்கள்.

முடியாதவையும் இருக்கின்றன. 1986 கல்யாண வீடியோ நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறது. அதை எந்தக் கருவியிலும் போட்டு ஓட்டக் கூடாது, பூஞ்சை வாசிப்புத் தலைக்கும் அடுத்த நாடாவுக்கும் பரவும். பூஞ்சை நீக்கித் தருபவரிடம் கொடுக்கும்வரை ஈரம் உறிஞ்சும் பொடிப் பையோடு மூடிய டப்பாவில் நிற்கவைத்திருக்கிறார்கள். படங்களில் 38 முகங்களுக்கு இன்னும் பெயரில்லை. அவற்றில் ஒன்பது பேர் ஒரே படத்தில், பாரக்ஸ் காலத்துக் காவடி நாளில் வரிசையாக நிற்கிறார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு, ஆயா சொன்ன 23 குடும்பங்களில் தொடர்பு கிடைத்த ஆறு வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வீடுகளிலிருந்து பதில் வந்தது: எண் 4, எண் 7.